வாத்துகள் நீந்திய மட்டம்

கார்த்திகை மழை ஓய்ந்து, பூர்ணிமா குடியிருப்பின் சுவர்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்த ஒரு காலையில், ஏ பிளாக்குக்கும் பி பிளாக்குக்கும் நடுவே இருந்த வெற்று வெளியில், இரண்டாவது மாடி பால்கனிகளின் உயரத்தில், ஆறேழு காட்டு வாத்துகள் வந்து இறங்கி, சிறகை மடக்கி, வாலை ஒருதரம் உதறிவிட்டு, நீந்த ஆரம்பித்தன. அங்கே தண்ணீர் இல்லை. காற்று இருந்தது, கேபிள் வயர்கள் இருந்தன, வெகு கீழே மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. ஆனாலும் ஏரியில் நீந்துகிற வாத்துகள் எப்படி நீந்துமோ அப்படியேதான் அவை நீந்தின; ஒன்று தலையைக் கீழே முக்கி வாலை வானத்துக்குக் காட்டியது, இன்னொன்று கழுத்தை மடக்கிச் சிறகுக்குள் செருகிக்கொண்டு மிதந்தபடியே தூங்கிப்போனது.

ஏ பிளாக் இரண்டாவது மாடி பால்கனியில் காப்பி டம்ளரோடு உட்கார்ந்திருந்த ஜெயகௌரிக்கு ஆச்சரியம் வரவில்லை. கறுத்த அலகின் நுனியில் மட்டும் மஞ்சள் தடவியதுபோல இருக்கிறதே, அது எதற்காக என்றுதான் முதலில் தோன்றியது.

"என்னங்க, வாத்து வந்திருக்கு."

சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த தணிகாசலம், வாசலில் யாரோ விற்க வந்திருப்பதாக நினைத்துக்கொண்டு, "நமக்கு வேணாம்னு சொல்லிடு" என்றார்.

"விக்கறதுக்கு வரலைங்க. சும்மா வந்திருக்கு."

ஜெயகௌரி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஆறு வருஷத்துக்கு முன்னால் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து இடுப்பெலும்பு நொறுங்கி, ஆபரேஷன் ஆகி, இடது கால் மடங்காத கட்டையாகிவிட்டது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடப்பாள். படி மட்டும் முடியாது. பூர்ணிமா குடியிருப்பில் லிஃப்ட் கிடையாது. ஒருமுறை நான்கு ஆண்கள் அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கியபோது, முதல் மாடித் திருப்பத்தில் நாற்காலிக் கால் சறுக்கி, அவள் அலறிய அலறல் மூன்று பிளாக்குக்கும் கேட்டது. அவளைப் பாதி வழியிலேயே திருப்பி மேலே கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு டாக்டர்தான் வீட்டுக்கு வந்தாரே தவிர அவள் எங்கேயும் போகவில்லை. தூக்கிக்கொண்டு போகலாம் என்று யாராவது பேச்செடுத்தால், "நான் என்ன பீரோவா?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவாள்.

வாத்துகள் போகவில்லை. மறுநாள் இன்னும் கொஞ்சம் வந்தன, அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். அவை நீந்திய உயரம் ஒரு விரற்கடைகூட மாறவில்லை. மேஸ்திரி ரசமட்டக் குழாய் வைத்துக் குறித்ததுபோல மூன்று பிளாக்குகளுக்கும் ஒரே மட்டமாக இருந்தது. சங்கச் செயலாளர் வரதராஜுலு அவசரக் கூட்டம் போட்டார். கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, இந்த இடம் ஒரு காலத்தில் ஏரியாக இருந்தது என்று ஆரம்பித்ததும், வரதராஜுலு இரண்டு கைகளையும் தூக்கி அவரைத் தடுத்தார்.

"அந்த வார்த்தையை மட்டும் சொல்லாதீங்க சார். வெளிய தெரிஞ்சா நாளைக்கு ஒருத்தன் நம்ம வீட்டை வாங்க வரமாட்டான். வேணும்னா மட்டம்னு சொல்லுங்க. வாத்து மட்டத்துல நீந்துது. அவ்வளவுதான்."

அன்றிலிருந்து எல்லாரும் மட்டம் என்றே சொன்னார்கள். மூன்றாவது மாடிக்காரர்கள் மட்டத்துக்கு மேலே இருந்ததால் கரையில் இருப்பவர்களுக்குரிய மிதப்போடு கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பொரியை வீசினார்கள். வாத்துகள் பிடிக்காத பொரியெல்லாம் நேராகத் தரைக்குப் போனது. முதல் மாடிக்காரர்களுக்கு வாத்துகளின் வயிறுதான் தெரிந்தது. அங்கே குடியிருந்த ஒரு வங்கி ஊழியர், வீட்டுக் கதவைத் திறந்து வெளியே வரும்போதெல்லாம் தன்னையறியாமல் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் பழக்கத்துக்கு ஆளாகி, அதனால் தன் ரத்த அழுத்தம் குறைந்துவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னார். தரைத்தளத்தில் இருந்த பிலோமினாவுக்கு, அண்ணாந்து பார்த்தால் ஆரஞ்சு நிறக் கால்கள் துடுப்புப் போடுவது மட்டும்தான் தெரியும். அவள் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். வாத்துகளின் எச்சம் மட்டத்தில் நிற்காமல் நேரே கீழே வந்ததால், வீட்டு வாசலிலிருந்து எல் போர்டு கார் வரைக்கும் குடை பிடித்துக்கொண்டு நடந்தாள். வெயிலிலும் குடையோடு நடக்கிற குடியிருப்பு என்று அக்கம்பக்கத்தில் பேர் வந்தது. வீடு பார்க்க வந்தவர்களிடம் தரகர், "நல்ல காத்தோட்டம் சார், பறவையெல்லாம் வந்து தங்கும்" என்றார்.

மட்டத்தைத் தொட்டுப் பார்க்காத ஆளே இல்லை. தொட்டவர்களுக்குக் கையில் ஒன்றும் தட்டுப்படவில்லை. காகிதக் கப்பல் விட்டார்கள், விழுந்தது. பந்து போட்டார்கள், விழுந்தது. சரி, வாத்துக்கு மட்டும்தான் என்று விட்டுவிட்டார்கள்.

ஜெயகௌரி மட்டும் விடவில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை பால்கனியிலேயே இருந்தாள். வாத்து முன்னே போக வேண்டுமானால் பாதத்தை விரித்துப் பின்னால் தள்ளுகிறது, பிறகு விரல்களைச் சுருக்கி முன்னால் கொண்டுவருகிறது, திரும்ப வேண்டுமானால் ஒரு காலை மட்டும் போடுகிறது. நின்ற இடத்திலேயே நிற்பதற்கும் அதற்குக் கால் ஓயாமல் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. இதையெல்லாம் எதிரே பி பிளாக் இரண்டாவது மாடியில் இருக்கும் மெஹருன்னிசாவுக்குப் போனில் சொல்வாள். மெஹருன்னிசா வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள். இருவரும் பால்கனியில் ஒருவரை ஒருவர் பார்த்தபடியே போனில் பேசிக்கொள்கிற சிநேகம். வருஷக்கணக்கான சிநேகமாக இருந்தும் ஒருவர் கையை ஒருவர் தொட்டதில்லை. மெஹருன்னிசா இங்கே வருகிறேன் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். "நான் உங்க வீட்டுக்கு வர முடியாதப்ப நீங்க மட்டும் வந்து போனா எனக்கு மனசு கெட்டுப்போகும்" என்று ஜெயகௌரி மறுத்துவிட்டாள்.

ஒரு விஷயத்தை மட்டும் அவள் மெஹருன்னிசாவிடமும் சொல்லவில்லை. பால்கனிக் கம்பிகளுக்கு இடையே இடது காலை வெளியே நீட்டி உட்கார்ந்தால், அந்தக் காலில் இருந்த வலி மெல்ல மெல்லக் கரைந்தது. காலை யாரோ அடியிலிருந்து உள்ளங்கையால் தாங்குவதுபோல இருந்தது. உள்ளே இழுத்துக்கொண்டால் கனம் திரும்பி வந்துவிடும். கணவரிடம் சொன்னால் அன்றைக்கே டாக்டருக்குப் போன் போடுவார் என்பதால் சொல்லவில்லை.

தை மாதம் ஒரு பெட்டை வாத்து அவர்கள் பால்கனியின் சிமெண்டுத் தொட்டியில், காடாக மண்டிக் கிடந்த எலுமிச்சைப் புல்லுக்குள் முட்டையிட்டு அடைகாத்தது. மாசியில் குஞ்சுகள் பொரிந்தன. பொரிந்த மறுநாளே தாய் கம்பிக்கு வெளியே போய் மட்டத்தில் நின்று கூப்பிட, குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் குதித்தன. தணிகாசலம் கண்ணை மூடிக்கொண்டார். ஜெயகௌரி மூடவில்லை. பஞ்சுருண்டைகள் மட்டத்தில் விழுந்து, கொஞ்சம் அமிழ்ந்து, எழும்பி, தாயின் பின்னால் வரிசை கட்டிக்கொண்டு போயின.

குஞ்சுகளுக்குச் சின்ன இறகு முளைக்கத் தொடங்கிய சமயத்தில்தான் அது நடந்தது. கேபிள் வயரில் சிக்கித் தொங்கிய மாஞ்சா நூலில் ஒரு குஞ்சின் கால் மாட்டிக்கொண்டது. இரண்டு பிளாக்குக்கும் நட்டநடுவில், யாருக்கும் எட்டாத இடம். குஞ்சு இழுக்க இழுக்க நூல் இறுகியது. தாய் சுற்றிச் சுற்றி வந்து கத்தியது. மூன்றாவது மாடிக் கைப்பிடிச் சுவரில் காக்கைகள் வந்து உட்கார்ந்தன. தொரட்டிக்கோல் கொண்டுவந்தார்கள், எட்டவில்லை. தீயணைப்பு வண்டி வந்தது, ஆனால் சந்தில் திரும்ப முடியாமல் முனையிலேயே நின்றது. எல்லா பால்கனிகளிலும் ஆட்கள் நின்றார்கள், எல்லாரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒரு காக்கை இறங்கி வந்து குஞ்சின் தலையில் ஒரு கொத்துக் கொத்திவிட்டு மேலே போனது.

ஜெயகௌரி பால்கனிக் கம்பியில், சாமான் ஏற்றுவதற்காக வைத்திருந்த சின்னக் கதவின் தாழ்ப்பாளை நீக்கினாள்.

"என்ன பண்றே கௌரி?"

"ஒண்ணுமில்லை. பார்க்கறேன்."

தரையில் உட்கார்ந்து இடது காலை முதலில் வெளியே விட்டாள். பிறகு வலது காலை. கம்பியைப் பிடித்துக்கொண்டு இடுப்பு வரை இறங்கியபோது தணிகாசலம் ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தார்.

"உனக்குப் பைத்தியமா? விழுந்துடுவே!"

"விழலை பாருங்க. என் கையைப் பாருங்க, நான் கம்பியைப் பிடிக்கவே இல்லை."

அவர் பார்த்தார். அவள் கைகள் இரண்டும் விரிந்து காற்றில் கிடந்தன. மார்பளவு மட்டத்தில் அவள் மிதந்துகொண்டிருந்தாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. ஆனால் வாத்து எப்படிக் காலைத் தள்ளும், எப்படிச் சுருக்கும் என்பது தெரியும். தள்ளினாள். நகர்ந்தாள். முதலில் குஞ்சிடம் போகவில்லை. நூலை அறுக்கக் கையில் ஒன்றும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நேரே பி பிளாக் பால்கனிக்குப் போனாள்.

"மெஹரு, கத்திரிக்கோல்."

மெஹருன்னிசா கையிலிருந்த துணி வெட்டும் கத்திரிக்கோலை நீட்டினாள். வாங்கும்போது விரல்கள் பட்டன. "அக்கா, உங்க கை சுடுது" என்றாள் மெஹருன்னிசா. ஜெயகௌரி திரும்பி வயருக்கு அடியில் போய், தாய் வாத்து தோளில் கொத்துவதைப் பொறுத்துக்கொண்டு, நூலை அறுத்தாள். குஞ்சு நொண்டிக்கொண்டே தாயிடம் போனது. தரையில் நின்றிருந்த பிலோமினா குடையை மடக்கிவிட்டு அண்ணாந்து பார்த்தாள்; ஆரஞ்சுக் கால்களுக்கு நடுவே, புடவைக்குக் கீழே, வெள்ளை வெளேரென்று இரண்டு பாதங்கள் ஒரே கதியில் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தன.

அதையும் குடியிருப்பு ஏற்றுக்கொண்டது. வரதராஜுலு ஒரு அரிசி மூட்டையைக் கயிற்றில் இறக்கி, மட்டத்துக்கு வந்ததும் கயிற்றை விட்டுப் பார்த்தார். மூட்டை கீழே விழுந்து தெறித்தது. தன் காலையே விட்டுப் பார்த்துவிட்டு, "என்னை ஏத்துக்கலை" என்று கொஞ்சம் மனக்குறையோடு சொன்னார். ஜெயகௌரியை மட்டும் ஏன் தாங்குகிறது என்று சில நாள் பேசினார்கள். "அவங்க ஆறு வருஷமா அந்த உயரத்துலேயேதானே இருந்தாங்க, அது பழகிடுச்சு" என்று பிலோமினா சொன்னது எல்லாருக்கும் போதுமானதாக இருந்தது.

தணிகாசலம் துணி காயப்போடும் நைலான் கயிற்றை அவள் இடுப்பில் கட்டி, மறுமுனையைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, அவள் திரும்பி வரும்வரை பால்கனியில் நின்றார். முதலில் சின்னக் கயிறு. சி பிளாக் வரை போக வேண்டும் என்று அவள் சொன்னபோது நீளமான கயிறு வாங்கிவந்தார். மெஹருன்னிசா கணுக்காலில் இறுக்கிப் பிடிக்கிற மாதிரி பைஜாமாவும் முழங்கால் தாண்டின குர்தாவும் தைத்துக் கொடுத்தாள். ஜெயகௌரியின் நிழல் தரையில் வந்தால் ஆண்கள் தலை நிமிராமல் நடக்க வேண்டும் என்பது யாரும் சொல்லாமலே வழக்கமானது. சன்ஷேடில் விழுந்த துணிகளை எடுத்துக் கொடுத்தாள். சி பிளாக் கழிவுநீர்க் குழாயில் எங்கே கசிகிறது என்று பார்த்துச் சொல்லும்படி வரதராஜுலு கேட்டுக்கொண்டார், பார்த்துச் சொன்னாள். பிரசவமாகி வந்திருந்த பெண்ணின் ஜன்னலுக்குப் போய்க் குழந்தையைப் பார்த்தாள். சாயங்காலங்களில் மெஹருன்னிசாவின் பால்கனியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, போனில் பேசிய அத்தனையையும் மறுபடி ஒருதரம் நேரில் பேசித் தீர்த்தார்கள். ஒருநாள் அவள் போய்விட்டு வந்த பிறகுதான், அன்றைக்குக் கயிறு கட்டவே மறந்துவிட்டோம் என்பது தணிகாசலத்துக்கு நினைவு வந்தது.

பங்குனி வெயில் ஏறியது. மட்டம் இறங்க ஆரம்பித்தது.

ஜெயகௌரிதான் முதலில் கண்டுபிடித்தாள். பால்கனிக்குத் திரும்பி வரும்போது கையை இன்னும் கொஞ்சம் உயர்த்த வேண்டியிருந்தது. பிறகு தணிகாசலம் குனிந்து கைகொடுக்க வேண்டியிருந்தது. பிறகு இருவரும் மூச்சுவாங்கித் தரையில் உட்கார வேண்டியிருந்தது. பறக்கத் தெரிந்த வாத்துகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. தாய் வாத்து மட்டும் இன்னும் சிறகு தேறாத குஞ்சுகளோடு, இறங்குகிற மட்டத்தோடு இறங்கிக்கொண்டே இருந்தது. கீழே மோட்டார் சைக்கிள்கள், தெருநாய்கள்.

"நாளையிலேருந்து போகாத கௌரி. போனா என்னால உன்னைத் தூக்க முடியாது."

"போகலைன்னா?"

"மழை வரட்டும். மறுபடி ஏறும்."

"ஏறுமா?"

அவர் அவளுடைய தட்டில் இன்னொரு தோசையை வைத்தார்.

"ஏறலைன்னா நான் இதே நாற்காலிலதான் இருக்கணும். குஞ்சுங்களை நாய் கடிச்சு இழுக்கறதை இங்கேருந்து பார்த்துக்கிட்டு இருக்கணும்." தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "நான் இறங்கப்போறேங்க" என்றாள். "திரும்பி மேல வர்றதுக்கு இல்லை."

"அப்புறம் எங்க இருப்பே? தெருவுலயா?"

பால்கனி வழியாக எல்லாம் கீழே கேட்டிருக்க வேண்டும். "எங்க வீட்டுல இருக்கட்டுமே, சார்!" என்று பிலோமினா கீழேயிருந்து குரல் கொடுத்தாள். "வீட்டை மாத்திக்கலாம். எனக்கும் ரொம்ப நாளா மேல வரணும்னு ஆசை. அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து போயிடுச்சு."

தணிகாசலம் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தார். கோபம் வந்தால் அவர் முகம் கழுவுவார். பயம் வந்தாலும் கழுவுவார். அவள் எது என்று கேட்கவில்லை.

மறுநாள் காலை கதவைத் திறந்து அவளை இறக்கிவிட்டவர் அவர்தான். அவள் முழங்கையை விட மனமில்லாமல், பால்கனித் தரையில் குப்புறப் படுத்து, கை எட்டுகிறவரை பிடித்திருந்து, பிறகு விட்டார். மட்டம் அதற்குள் முதல் மாடி ஜன்னல் உயரத்துக்குப் போயிருந்தது. மூச்சைப் பிடித்துப் பழகிய வங்கி ஊழியர் வீட்டில் அவளுக்குச் சாப்பாடு கொடுத்து, ஜன்னல் ஓரமாகக் கட்டிலும் போட்டார்கள். அந்த வீட்டில் அவள் தங்கிய நாட்களில் தணிகாசலம் ஒரு மாடி இறங்கி வந்து அவளுக்குத் தலை பின்னிவிட்டுப் போனார். பிறகு மட்டம் ஜன்னலுக்கும் கீழே போனது; அவளும் வாத்துகளும் கூடவே போனார்கள், இரவிலும் அவள் வாத்துகளைப்போல மிதந்தபடியே தூங்கினாள். சித்திரை பிறந்து சில நாட்களில், வாத்துகள் மோட்டார் சைக்கிள் சீட்டுகளுக்கு நடுவே நீந்தின. பிறகு சக்கரங்களுக்கு நடுவே. ஒரு காலையில் தாய் வாத்தின் வயிறு சிமெண்டுத் தரையில் உரசியது. அது எழுந்து நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, தள்ளாடித் தள்ளாடி நடக்க ஆரம்பித்தது. மட்டம் தாழத் தாழப் படுத்து மிதந்து வந்த ஜெயகௌரியும் தரையில் காலை ஊன்றி எழுந்தாள். கால் முழுக்கப் பழைய கனம் திரும்பியது. அவள் விழப்போனாள், படியிறங்கி ஓடிவந்த தணிகாசலம் வாக்கரை அவள் கையில் கொடுத்தார்.

"வலிக்குதா?"

"வலிக்குது. சும்மா இருங்க. அது எங்க போவுதுன்னு பாருங்க."

வாத்து கேட்டைத் தாண்டியது. குஞ்சுகள் பின்னால் போயின, அவற்றின் பின்னால் ஜெயகௌரி வாக்கரை ஊன்றி ஊன்றிப் போனாள். சந்து தாண்டி, பேக்கரி தாண்டி, பெரிய சாலை வந்தது. அதற்கு அப்பால், பழைய ஏரியில் மிச்சமிருந்த சதுப்பில் இன்னும் தண்ணீர் பளபளத்தது. சாலையில் கம்பெனி பஸ்களும் லாரிகளும் விடாமல் போய்க்கொண்டிருந்தன. வாத்து நடைபாதை ஓரத்தில் நின்று ஒரு காலை இறக்கியது. பிலோமினா எல் போர்டு காரைக் கொண்டுவந்து சாலைக்குக் குறுக்கே நிறுத்தி, விளக்குகளைச் சிமிட்டவிட்டு இறங்கினாள். அன்றைக்கு ஓட்டக் கற்றுக்கொள்ள வந்திருந்த பெண் பக்கத்து சீட்டில் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். ஹாரன்கள் அடித்தன. ஒரு லாரி டிரைவர் எட்டிப் பார்த்துத் திட்ட வாயெடுத்து, வாக்கரோடு ஒரு பெண்மணியும் அவள் முன்னால் வாத்துக்குடும்பமும் போவதைக் கண்டு எஞ்சினை அணைத்தார். நின்ற வண்டிகளுக்கு நடுவே பூர்ணிமா குடியிருப்பே நடந்தது. முன்வரிசையில் வரதராஜுலு, யாரும் கேட்காமலே, "ஏரி வாத்துங்க, வழி விடுங்க, ஏரி வாத்துங்க" என்று கத்திக்கொண்டே போனார்.

சதுப்பின் கரையில் கோரைப் புல்லுக்குள் ஒரு சரிவு இருந்தது. தாய் வாத்து அதில் இறங்கித் தண்ணீரில் குதித்தது. சளக் என்று சத்தம் கேட்டது. இத்தனை மாதமும் வாத்துகள் நீந்தியது சத்தமே இல்லாமல்தான் என்பது அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகே எல்லாருக்கும் உறைத்தது. குஞ்சுகள் குதித்தன, ஒவ்வொரு குஞ்சுக்கும் ஒரு சின்னச் சத்தம், ஒரு சின்ன வட்டம். கால் நொண்டிய குஞ்சு கடைசியில் குதித்து, வேகமாகக் காலைப் போட்டு மற்றவற்றைப் பிடித்துக்கொண்டது. அவை கோரைக்குள் நுழைந்து மறைந்தன. எதுவும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜெயகௌரி வாக்கரைத் தணிகாசலத்திடம் கொடுத்துவிட்டு, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கினாள். தண்ணீரில் கால் வைத்தாள். அது அவளைத் தாங்கவில்லை. பாதம் நேராகச் சேற்றுக்குள் போய் நின்றது, பைஜாமா முழங்கால் வரை நனைந்து காலோடு ஒட்டிக்கொண்டது, சேறு விரலிடுக்கில் பிதுங்கியது.

தணிகாசலம் பயந்து அவள் இடுப்பைச் சுற்றிப் பிடித்தார். "போதும் கௌரி, ஏறிடலாம். கீழ் வீட்டுக்குப் போவோம், வா."

"ஈரமா இருக்குதுங்க" என்றாள் அவள், காலையே பார்த்துக்கொண்டு. "ஜில்லுனு இருக்குது. கொஞ்சம் இருங்க, அந்தக் காலும் நனையட்டும்."